மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் பொருக்கு

முயல் வளர்க்கத் தொடங்கிய சகோதரிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, முயலுக்கு மயிர் கொட்டுது, என்ன பூசலாம்?" ஏதாவது ஒன்றின் பெயரைச் சொன்னால் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். நானோ, "எந்த இடத்தில் கொட்டுது? சொறியுதா? இந்த இரண்டு கிழமையும் என்ன தீன் போட்டனீங்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். சிலருக்கு அது எரிச்சலாகவும் இருக்கும். முன்பு நானும் என்ன பூசலாம் என்று கேட்டுத் திரிந்தவள்தான். கேட்ட இடத்தில் சொன்னதைப் பூசி ஒரு முயலைச் சாகக் கொடுத்தவள். அந்தக் கதையையும் அதன் பிறகு அறிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

என் அம்மா கண்டி ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு தாத்தா குடும்பத்தோடு வன்னிக்குப் போனார். மாமா ஒருவர் மட்டும் போகாமல் இங்கேயே நின்றுவிட்டார். நான் பிறந்தது, வளர்ந்தது, மணம் முடித்தது எல்லாம் கிளிநொச்சிப் பக்கத்தில். 2009 மே மாதம் வரை நடந்தவற்றை இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கணவரும் இல்லை, அம்மாவும் இல்லை என்ற நிலையில் ஏழு வயது மகளோடு மனிக் பாம் முகாமுக்குப் போனேன். 2010 இல் வெளியே வந்தபோது எனக்கென்று இருந்த ஒரே முகவரி கண்டி மாமாவுடையதுதான்.

மாமாவும் அத்தையும் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். (வன்னியில் மாமி என்று சொல்வோம். அம்மாவின் வழக்கப்படி எனக்கு அவர் அத்தை.) ஆனால் எவ்வளவு காலத்துக்கு மற்றவர் சோற்றில் இருப்பது? 2011 இல் பெண்கள் சங்கமொன்றில் சேர்ந்தேன். அங்கே பணக் கடன் தரவில்லை, முயல் தந்தார்கள். இரண்டு பெண் முயல், ஒரு ஆண் முயல். குட்டிகள் வந்ததும் அதில் ஒரு சோடியை வரிசையில் அடுத்து நிற்கும் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். வட்டி இல்லை, கையெழுத்துத் தொல்லை இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

வன்னியில் முயல் என்றால் எங்களுக்குக் காட்டு முயல்தான் தெரியும். கூட்டில் வளர்க்கும் முயல் வேறு இனம். அதன் பூர்வீகம் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கம். குளிரைத் தாங்கும், ஆனால் ஈரத்தைத் தாங்காது. இதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஹந்தானை மலைச்சரிவில் காலை ஒன்பது மணி வரைக்கும் மூடுபனி கலையாத நாட்கள் உண்டு. நானோ கூட்டை வீட்டின் பின்புறம், தாழ்வாரத்தின் கீழ், வெயிலே எட்டிப் பாராத மூலையில் வைத்தேன். மழையில் நனையாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். மழை நனைக்கவில்லை. ஆனால் பலகை எப்போதும் குளிர்ந்து, தொட்டால் பிசுபிசுவென்றுதான் இருந்தது.

முதல் ஈற்றில் ஏழு குட்டிகள். ஏழும் பிழைத்தன. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! மகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். இரண்டு மாதத்தில் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய சோடியைக் கொடுத்தேன். வாங்கியவர் மூதூரில் இருந்து 2006 இல் இடம்பெயர்ந்து, கடைசியில் அக்குறணையில் உறவினர் வீட்டோடு தங்கிவிட்ட ஒரு முஸ்லிம் சகோதரி. நான் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். மற்றக் குட்டிகளை நாய், பூனை, புறா விற்கும் கடையொன்றுக்குக் கொடுக்கலாம் என்று பேசி வைத்திருந்தேன். மகளின் ரியூசன் காசுக்கு அதையே நம்பியிருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் காலையில் தீன் போடும்போது ஆண் முயலின் மூக்கு நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தவிடு என்று நினைத்துத் தட்டிவிட்டேன். போகவில்லை. அடுத்த கிழமை உதட்டோரத்திலும் காது விளிம்பிலும் அதே வெள்ளை. காய்ந்த சுண்ணாம்பைப் போல் பொருக்குக் கட்டியிருந்தது. பின்னங்காலால் இராப் பகலாகச் சொறியும். கூடு அதிரும் சத்தம் படுக்கையில் எனக்குக் கேட்கும்.

அத்தை பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, அதுக்கு மூக்குல என்னா சுண்ணாம்பு பூசுன மாதிரி இருக்கு?"

"ஒண்டுமில்லை அத்தை, தவிடு" என்றேன்.

எதற்காகப் பொய் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். முகாமில் எங்களுக்கெல்லாம் சொறி வந்தது. ஒரு கூடாரத்துக்குள் எத்தனை பேர், குளிக்க எவ்வளவு தண்ணீர் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மகளின் விரல் இடுக்கிலும் இடுப்பிலும் புண். பேன் வேறு. கடைசியில் அவளுடைய தலையை மொட்டை அடித்தேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். கண்டிக்கு வந்து தலைமயிர் இரட்டைப் பின்னல் போடும் அளவுக்கு வளர்ந்த பிறகு, சொறி என்ற சொல்லையே அந்த வீட்டில் நான் எடுப்பதில்லை. "முகாமிலயிருந்து வருத்தத்தைக் கொண்டு வந்திட்டாள்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம். அத்தை அப்படிப்பட்டவர் இல்லை. பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?

ஆகவே ஒளித்தேன். கூட்டுக்கு உரப்பையால் திரை போட்டேன். அதனால் உள்ளே இருந்த கொஞ்சக் காற்றும் நின்றது. தீன் வாங்கப் போன இடத்தில் ஒருவரிடம் மெல்லக் கேட்டேன். பழைய என்ஜின் ஒயிலில் மண்ணெண்ணெய் கலந்து பூசச் சொன்னார். மாட்டுச் சொறிக்கே அது போதுமாம். போத்தலில் தந்தும் விட்டார், காசு வாங்கவில்லை. அன்று மாலையே மூக்கிலும் காதிலும் காலிலும் நன்றாகப் பூசினேன்.

முயல் பூனையைப் போலத் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. பூசியது எல்லாம் வயிற்றுக்குள் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. இரண்டாம் நாள் தீன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை கூட்டின் மூலையில் விறைத்துக் கிடந்தது. பூசிய இடமெல்லாம் தோல் வெந்து உரிந்திருந்தது. மகள் எழும்ப முன்னர் கொல்லையில் புதைத்துவிட்டு, நாய் கொண்டுபோய்விட்டது என்று சொன்னேன். இரண்டாவது பொய்.

அதற்குள் பெண் முயல்கள் இரண்டின் மூக்கிலும் வெள்ளை விழுந்திருந்தது. மகளுடைய முன்னங்கையில் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். முயலைத் தூக்கி அணைக்கும் இடம். இரவில் நகத்தால் சொறிந்துகொண்டு கிடந்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அத்தை எழுந்து வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒளிச்சு வச்சா சொறி போயிருமா புள்ள? காலையில கூடைய எடு, பேராதனைக்குப் போவோம்" என்றார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தோடு ஒரு போதனா வைத்தியசாலை இருக்கிறது. நாய், பூனை, மாடு எல்லாம் அங்கே வரும். முயலையும் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண் முயலைக் கூடையில் வைத்து, சீத்தைத் துணியால் மூடி, கண்டிக்கு இறங்கி, பேராதனை பஸ் எடுத்தோம். போகும் வழியில் கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகத்தையும் தாண்டித்தான் போனோம். நாட்டுக்கே கால்நடை ஆலோசனை சொல்லும் இடம் இரண்டு பஸ் தூரத்தில் இருக்க, நான் என்ஜின் ஒயில் தேடியிருக்கிறேன்.

அங்கிருந்த இளம் மிருக வைத்தியர் தமிழ் கதைத்தார். முயலைப் பார்த்ததும் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒரு மொட்டைப் பிளேட்டால் பொருக்கின் ஓரத்தை, இலேசாக இரத்தம் கசியும் வரை சுரண்டினார். அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து எண்ணெய்ச் சொட்டு விட்டு, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தார். பார்த்துவிட்டு, "வந்து பாருங்கோ அக்கா" என்றார்.

உருண்டையாக, ஆமை மாதிரி, குட்டைக் கால்களோடு ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முட்டைகள். உண்ணி இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர், சார்கோப்டிஸ் என்று பெயர். தோலுக்குள்ளே சுரங்கம் தோண்டி அதற்குள் முட்டை இடும். அதனால்தான் மேலே கண்டதையெல்லாம் பூசினால் போவதில்லை. மனிதருக்கு வரும் சொறியும் இதே சிற்றுயிரால்தான். பெயர் ஒன்று, வகை வேறு. முயலில் வாழும் வகை மனிதத் தோலில் கடித்து அரிப்பை உண்டாக்கும், ஆனால் அங்கே பெருகி நிலைத்திருக்காது. முயலைக் குணப்படுத்தி, தொடுவதை நிறுத்தினால் மகளுக்கு அடங்கிவிடும் என்றும், என்றாலும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டும்படியும் சொன்னார்.

நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். முகாமில் அத்தனை மாதம் எங்களைச் சொறிய வைத்தது இதன் உடன்பிறப்புத்தானா? ஊத்தையால் வருவது, சாபத்தால் வருவது, எங்கள் பிழையால் வருவது என்று எத்தனை பேர் எத்தனை சொன்னார்கள். இது நெருக்கமாக இருக்கும் உடம்பிலிருந்து உடம்புக்கு நடந்து போகும் ஒரு பூச்சி. அவ்வளவுதான். அன்று அந்தக் கண்ணாடியில் பார்த்ததற்குப் பிறகு சொறி என்ற சொல் என் வாயில் தாராளமாக வந்தது.

தோலின் கீழே ஊசி போட்டார். மருந்தின் பெயர் ஐவர்மெக்டின். ஜப்பானில் சதோஷி ஒமுரா என்ற விஞ்ஞானி கோல்ப் மைதானமொன்றின் அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரில் இருந்து பிறந்த மருந்து அது. வில்லியம் கம்பெல் என்பவரோடு சேர்த்து அவருக்கு 2015 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆபிரிக்காவில் ஆற்றோர மக்களைக் குருடாக்கிய நோய்க்கும் இதே மருந்துதான். மாட்டுக்கும் போடும் அதே மருந்துப் போத்தல்தான் என்றாலும் இரண்டு கிலோ முயலுக்குத் தேவைப்படுவது ஒரு மில்லிலீற்றரில் பத்திலொரு பங்குகூட இல்லை. ஆகவே தெரிந்தவரிடம் போத்தலை வாங்கி நாமே குத்தும் வேலை வேண்டாம். இன்னொன்று, இந்த மருந்து முட்டையைக் கொல்லாது. முட்டை பொரித்து வந்த பிறகு இரண்டு கிழமையில் மறுபடியும் போட வேண்டும். பொருக்கு உதிர்ந்து முயல் அழகாகிவிட்டது என்று இரண்டாவது ஊசிக்குப் போகாமல் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதத்தில் அதே கதைதான். ஊசி போட்ட முயலை எத்தனை நாளைக்கு இறைச்சிக்கு எடுக்கக் கூடாது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மருந்து இறைச்சியில் பல நாள் தங்கும்.

கூட்டுக்கும் வைத்தியம் உண்டு. முயலை விட்டு விழுந்த பூச்சி சில நாள் உயிரோடு இருக்கும். கண்டி போன்ற குளிர்ந்த, ஈரமான இடத்தில் இன்னும் அதிக நாள். பழைய சாக்கு, வைக்கோல், குட்டிப் பெட்டி எல்லாவற்றையும் எரித்தேன். கம்பி வலைக்கும் பலகை இடுக்குகளுக்கும் கொதிநீர் ஊற்றி, கூட்டை இழுத்துப் போய் வெயிலில் மூன்று நாள் கவிழ்த்து வைத்தேன். மாமா அதைக் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றி, நிலத்திலிருந்து இடுப்பளவு உயரத்தில் கால் போட்டுத் தந்தார். கூலி கேட்கவில்லை, ஆனால் ஒரு கிழமை முழுவதும் முதுகு வலிக்கிறது என்று சொல்லிக் காட்டினார்.

இவ்வளவும் செய்து முடித்தாலும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. ராத்தாவிடம் சொல்ல வேண்டும்.

நான் அவருக்குச் சோடி கொடுத்தபோது வருத்தம் கண்ணில் தெரியவில்லை. ஆனால் முதல் பொருக்கைக் கண்ட அன்றே ஒரு சொல் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் போய்விட்டது. அக்குறணைக்குப் பஸ் ஏறும்போது ஒன்றும் நடந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். நடந்திருந்தது. சோடி இரண்டுக்கும் காது விளிம்பெல்லாம் வெள்ளை. அவருடைய சின்ன மகனின் வயிற்றிலும் பொட்டுகள். தான் சுத்தம் இல்லாமல் வளர்த்ததால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்து, சங்கத்துக்குத் தெரிந்தால் தூக்கிவிடுவார்கள் என்று அவரும் கூட்டை மூடி வைத்திருந்தார். அவர் போட்டிருந்ததும் உரப்பைதான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண் முயல் செத்தது வரைக்கும். அவர் முகம் மாறியது. "முதல்லயே ஒரு வார்த்த சொல்லி இரிக்கலாமே புள்ள. எண்ட புள்ளைய எத்தின ராவு ஏசியிரிப்பன், சொறியாத சொறியாத எண்டு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தேத்தண்ணி தந்தார், நான் குடித்தேன், அதன் பிறகும் அவர் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து என் செலவில் அவருடைய சோடியையும் கூடையில் வைத்துப் பேராதனைக்குக் கொண்டுபோனேன். இரண்டாவது ஊசிக்குப் போகும்போது அவரே கூட வந்தார்.

மகளுக்கு வைத்தியர் பூசுவதற்குத் தந்த மருந்தில் அரிப்பு நின்றது. நாய் கொண்டுபோகவில்லை என்பதையும் அவளிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும் அம்மா, மண் புதுசாக் கிடந்தது" என்றாள்.

இப்படி அடிபட்டவளுக்குப் பிறகு எதைப் பார்த்தாலும் சொறியாகத்தானே தெரியும்? 2012 தை மாதம் ஒரு பெண் முயலின் நெஞ்சிலும் வயிற்றிலும் மயிர் இல்லை. கொத்துக் கொத்தாகக் கூட்டில் கிடந்தது. கூடையைத் தேடி எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். கீழ்வீட்டு ஆச்சி, சிங்களப் பெண்மணி, என்னைத் துவ என்றுதான் கூப்பிடுவார், கூட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அரைத் தமிழும் அரைச் சிங்களமுமாக அவர் சொன்னது, இது குட்டி போடப் போகிறது, படுக்கை போடுகிறது, விட்டுவிடு என்பதுதான். நாள் எண்ணிப் பார்த்தேன். சோடி சேர்த்து முப்பதாம் நாள். அடுத்த நாள் காலை அந்த மயிருக்குள்ளே ஆறு குட்டிகள். தாய் முயல் குட்டி ஈனுவதற்குச் சற்று முன்னர் தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கி மெத்தை செய்யும். கருத்தரிக்காமல் பொய்ச் சினையாக இருந்தாலும் இரண்டரைக் கிழமை அளவில் இதே மாதிரிச் செய்வதுண்டு. அப்போதும் தோல் சுத்தமாக, பொருக்கில்லாமல் இருக்கும்.

அந்த வருடம் மாசி, பங்குனியில் மழை இல்லை. கினியாப் புல் காய்ந்து போனது. மானாப் புல் எவ்வளவும் கிடக்கும், முயல் அதை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கீழே தெருவோரத்தில் இபில் இபில் மரங்கள் பச்சையாக நின்றன. புளியிலை மாதிரிச் சிறிய இலை, வெள்ளைப் பந்து போலப் பூ, தட்டையான நீளக் காய். மண் அரிக்காமல் இருக்கச் சரிவுகளில் நட்டது. ஆச்சியின் ஆடு அதை ஆசையாகத் தின்னும், நன்றாகப் பாலும் தரும். முயலும் விழுந்து விழுந்து தின்றது. நான் நாள்தோறும் இளங்கொழுந்தாகப் பார்த்து ஒரு கட்டு ஒடித்து வந்தேன். செலவில்லாத தீன் கிடைத்ததில் எனக்குப் பெருமை வேறு.

மூன்றாவது கிழமை தடவிய கையோடு மயிர் வந்தது. முதுகு, விலா, தொடை என்று எங்கும். பொருக்கு இல்லை, புண் இல்லை, சொறியவும் இல்லை. உடம்பும் மெலிந்தது. பேராதனைக்கு ஓடினேன். "டொக்டர், அந்த ஊசியை இன்னொருக்காப் போடுங்கோ" என்று நானே வைத்தியம் சொன்னேன். அவர் சுரண்டிப் பார்த்தார். பூச்சி இல்லை. பிறகு அவர் கேட்டதுதான், நான் இன்று எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. "இரண்டு கிழமையாக என்ன தீன்?"

இபில் இபில் இலையில் மிமோசின் என்று ஒரு நச்சுப் பொருள் உண்டு. இளங்கொழுந்திலும் விதையிலும் அதிகம். அது மயிர்க்காலில் புது மயிர் வளர்வதை நிறுத்திவிடும். குதிரை தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். அப்படியானால் ஆச்சியின் ஆட்டுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? இதற்கும் ஒரு கதை இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் இந்த இலையைத் தின்ற மாடுகள் நோய்ப்பட்டன, ஹவாய்த் தீவில் ஆடுகள் நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி, ஹவாய் ஆட்டின் இரைப்பையில் இந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பதைக் காட்டினார். அதை அவுஸ்திரேலிய மாடுகளுக்குப் புகட்டியதும் அவையும் தேறின. அந்த நுண்ணுயிருக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். அசைபோடும் மிருகத்துக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு முயலுக்கு இல்லை. ஆடு தின்னுகிறதே என்று பார்த்து முயலுக்குப் போட்டது என் தவறு.

அன்றே நிறுத்தினேன். வாடிய பலா இலை, காய்ந்த புல், கொஞ்சம் தவிடு என்று மாற்றினேன். மருந்தே இல்லை. சில கிழமைகளில் பூனை நாக்கைப் போலக் குறுகுறுவென்று மயிர் முளைத்தது. இப்போதும் தீன் தட்டுப்பாட்டில் இபில் இபில் கொடுப்பதுண்டு. காயவைத்து, மற்றத் தீனோடு ஒரு சிறு பிடி மட்டும், அதுவும் நாள்தோறும் இல்லை. சினை முயலுக்குக் கொடுப்பதே இல்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வட்டம் வட்டமாக மயிர் உதிர்ந்து, நடுவில் செதில் பறந்தால் அது படர்தாமரை, பூஞ்சணம். மனிதருக்கும் நன்றாகவே தொற்றும், அதற்கு இந்த ஊசி வேலை செய்யாது, வேறு மருந்து. காதின் உள்ளே பழுப்பாக அடை அடையாகக் கட்டி, முயல் தலையை உதறினால் அது வேறொரு உண்ணி. அந்த அடையைக் கையால் பிய்க்க வேண்டாம், உயிர் போகும் வலி, மருந்துக்குத் தானே உதிரும். பின்னங்காலின் அடியில் மயிர் தேய்ந்து புண்ணானால் குற்றம் கம்பித் தளத்தில். ஒரு பக்கம் காய்ந்த பலகைத் துண்டொன்றைப் போட்டு விடுங்கள். நாடியின் கீழே ஈரப்புண் என்றால் தண்ணீர்ச் சட்டி அகலம். குட்டிகள் மூன்று நான்கு மாதத்தில் குழந்தை மயிரை உதிர்ப்பது வளர்ச்சிதான். முயலைக் குளிப்பாட்ட வேண்டாம். நாய்த் தெள்ளுக்கு விற்கும் பிப்ரோனில் என்ற மருந்தை முயலுக்கு அடிக்கவே வேண்டாம், அது முயலைக் கொல்லும். பேராதனை எல்லோருக்கும் கிட்ட இல்லை என்பது தெரியும். உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு மாடு வைத்திருப்பவர்கள்தான் போக வேண்டும் என்றில்லை.

புதிதாக எந்த முயல் வந்தாலும் என் வீட்டில் மூன்று கிழமை தனிக் கூட்டில் இருக்கும். அதற்குத் தீன் போட்ட கையைக் கழுவாமல் மற்றக் கூட்டைத் தொடுவதில்லை. கொடுக்கும் முயலையும் அப்படித்தான். மூக்கு, காது விளிம்பு, கால் நகத்தடி மூன்றையும் வாங்குபவருக்கு விரித்துக் காட்டித்தான் கொடுப்பேன். அவசரத்தில் வருபவர்கள், "இதென்ன அக்கா, பொம்பிளை பாக்கிற மாதிரி" என்று சிரிப்பார்கள்.

2013 இல் எனக்கு ஒரு ஆண் முயல் தேவைப்பட்டது. சங்கக் கூட்டத்தில் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராத்தா அக்குறணையில் இருந்து கூடையோடு வந்து இறங்கினார். முதலில் அதன் மூக்கைப் பிடித்து எனக்குக் காட்டினார். பிறகு இரண்டு காதையும் திருப்பிக் காட்டினார். நான் போதும் ராத்தா என்றேன். "இல்ல, பாரு" என்று நாலு காலையும் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிவிட்டுத்தான் கூடையைக் கீழே வைத்தார்.